24-ஆ, 45-ஆ, 61-ஆ? கொங்கு நாட்டுப் படக்காரர்களுக்கு ஒரு மெகாபிக்சல் கணக்கு

கையில் 24 மெகாபிக்சல் கேமரா ஒன்று இருக்கிறது (பிக்சல் என்பது படத்தின் ஒரு புள்ளி, மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளி). நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் 45-ம் 61-ம் வந்து உட்கார்ந்திருக்கின்றன. மாறுவதா, இருப்பதையே வைத்துக்கொள்வதா? சமீப காலமாக என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான்.

கேட்கிறவர்கள் மூன்று வகை. கோபி, பவானி, ஈரோடு பக்கம் கல்யாணம் எடுக்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வெள்ளோட்டுக்கோ நஞ்சராயன் குளத்துக்கோ போய் நிற்கிற பறவைக்காரர்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு கேட்லாக் எடுத்துக் கொடுக்கிறவர்கள். மூவருக்கும் பதில் வேறு வேறு, பதிலுக்குப் போகும் வழி மட்டும் ஒன்று. அதனால் முதலில் எதை வைத்து அளப்பது என்று பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வழியாக எடுத்துக்கொள்வோம்.

மாறச் சொல்லி வரும் அழுத்தம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. கல்யாண வீட்டில் பெண்ணின் மாமா கேட்கிறார்: "ஏனுங்க தம்பி, என்ர போன்லயே 200 மெகாபிக்சல் இருக்குது. உங்க கேமரா எத்தனைங்க?" இருபத்திநாலு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த 200 மெகாபிக்சல் போன் சாதாரணமாகப் படம் எடுக்கும்போது பதினாறு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, அவ்வளவு சிறியது. ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கிற வெளிச்சம் போதாது. இதை மாமாவிடம் பொறுமையாகச் சொன்னால் அவருக்கும் புரியும்.

கேமரா கம்பெனிகளின் ஓட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 1999-ல் வந்த நிக்கான் டி1-ல் 2.7 மெகாபிக்சல். 2005-ல் கேனான் 5டி 12.8. 2012-ல் நிக்கான் டி800 ஒரே தாவலில் 36.3. 2015-ல் கேனான் 5டிஎஸ் 50.6. 2019-ல் சோனி ஏ7ஆர் 4 வந்து 61-ஐத் தொட்டது. 2022-ல் வந்த ஏ7ஆர் 5-லும் அதே 61. இதே காலத்தில் அந்தக் கம்பெனிகள் தங்கள் அதிவேகக் கேமராக்களை எத்தனையில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்: சோனி ஏ9 3-ல் 24.6, 2024-ல் வந்த கேனான் ஆர்1-ல் 24.2. அவர்களுடைய இன்றைய போட்டி பெரும்பாலும் சென்சாரை எவ்வளவு வேகமாகப் படிக்க முடிகிறது என்பதில் நடக்கிறது. நம் முடிவுக்கும் அது முக்கியம், கீழே வருகிறேன்.

## எதை வைத்து அளப்பது

படம் கடைசியில் எங்கே போகிறது? இதுதான் முதல் அளவுகோல், மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான். போனில் ஸ்டேட்டஸாகப் போகிற படத்துக்கு இரண்டு மூன்று மெகாபிக்சலே தாராளம். வீட்டு 4கே டிவியின் முழுத்திரைக்கு 8.3 மெகாபிக்சல். பிறகு ஆல்பம். நம் பக்கம் அதிகம் போவது 12-க்கு 36 அங்குல ஷீட். விரித்தால் 36, ஒரு பக்கம் 18. 24 மெகாபிக்சல் படம் என்பது 6000-க்கு 4000 பிக்சல். அதை 18-க்கு 12 பக்கத்தில் போட்டால் அங்குலத்துக்கு 333 பிக்சல் வருகிறது. லேப்காரர்கள் கேட்பதே 300-தான்.

ஒரே படத்தை 36 அங்குலத்துக்கும் விரித்துப் போட்டால் கணக்கு மாறும். 24-ல் அங்குலத்துக்கு 167, 45-ல் 229, 61-ல் 264. ஆல்பத்தைக் கையில் வைத்து ஒன்றரை அடி தூரத்தில் பார்க்கும் சாதாரணக் கண்ணுக்கு அங்குலத்துக்கு 200 சொச்சம் போதும். ஆக, விரித்த பக்கங்களில் 45-க்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு ஆல்பத்தில் அப்படி எத்தனை பக்கம் போடுகிறோம்? மூன்றோ நான்கோ. அந்த மூன்று நான்கு படங்களை மட்டும் மென்பொருளில் பெரிதாக்கிக்கொள்ளலாம். லைட்ரூமில் 2021-லிருந்தே நீளம் அகலம் இரண்டையும் இரட்டிப்பாக்கும் வசதி இருக்கிறது.

ஃபிளெக்ஸ் என்றாலே பெரிய மெகாபிக்சல் வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். காதணி விழாவுக்குப் பத்து அடி அகல ஃபிளெக்ஸ் வைத்தால், 24 மெகாபிக்சல் படம் அங்குலத்துக்கு 50 பிக்சலாக விரிகிறது. பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவர் கண்ணால் அங்குலத்துக்கு 30-க்கு மேல் பிரித்தறிய முடியாது. படம் பெரிதாகப் பெரிதாக நாம் தள்ளி நிற்கிறோம் என்பதைக் கணக்கில் சேர்க்காததால் வரும் பயம் இது.

வெளிச்சமும் வேகமும். கொங்குக் கல்யாணத்தில் பாதிச் சடங்கு ராத்திரியில் நடக்கிறது. இணைச்சீர், மங்கல வாழ்த்து, விடிகாலை முகூர்த்தம் என்று போய், வெயில் வரும்போது பந்திதான் மிச்சம். அதனால் இருட்டில் எப்படி எடுக்கும் என்பது நமக்குப் பெரிய கேள்வி. மெகாபிக்சல் கூடினால் நாய்ஸ், அதாவது மணல் தூவினாற்போல் படத்தில் தெரியும் புள்ளிகள், கூடும் என்று ஒரு பேச்சு உண்டு. திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் அப்படித் தெரியும். ஒரே அளவு சென்சார், ஒரே அளவு பிரிண்ட் என்று வைத்துப் பார்த்தால் 24-க்கும் 61-க்கும் கண்ணில் படுகிற வித்தியாசம் மிகக் கொஞ்சம்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பிக்சல் கூடினால், வேகமான சென்சார் இல்லாத கேமராவில், அத்தனையையும் படித்து முடிக்க நேரம் பிடிக்கும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் (சென்சாரே வரி வரியாகப் படித்துப் படம் எடுக்கும் முறை) ஏ7ஆர் 5 ஒரு முழுப் படத்தைப் படிக்கச் சுமார் பத்தில் ஒரு பங்கு விநாடி எடுக்கிறது. நிக்கான் இசட்8, 45.7 மெகாபிக்சல் இருந்தும், சுமார் 270-ல் ஒரு பங்கு விநாடியில் முடித்துவிடுகிறது. மண்டபத்தின் மலிவு எல்இடி விளக்குகளும் மேடைக்குப் பின்னால் இருக்கிற எல்இடி திரையும் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கிக்கொண்டே இருப்பவை. மெதுவாகப் படிக்கிற சென்சாரில் அந்த மினுக்கல் முகத்தின் மேலே வரி வரியாக விழும். தாலி கட்டும் நொடியில் அப்படி ஆனால் திரும்ப எடுக்க வழியில்லை.

எட்டாத தூரம். பறவைக்காரர்களின் வாதம் முழுக்க இதில் இருக்கிறது: "லென்ஸ் எட்டலைன்னா வெட்டிக்கலாமுங்க." உண்மைதான், எவ்வளவு உண்மை என்று பார்ப்போம். மெகாபிக்சல் இரட்டிப்பானால் எட்டும் தூரம் இரட்டிப்பாகாது. நீளத்திலும் அகலத்திலும் இரட்டிப்பாக நான்கு மடங்கு பிக்சல் வேண்டும். 24-லிருந்து 45-க்குப் போனால் நீளவாக்கில் 1.4 மடங்குக்கும் குறைவு. 400 மி.மீ. லென்ஸ் 550 மாதிரி வேலை செய்யும். 61-க்குப் போனால் 630 மாதிரி. இதையே திருப்பிப் போட்டால், 400-லிருந்து 600 லென்ஸுக்கு மாறுவது 24 மெகாபிக்சல் கேமராவை 54 ஆக்குவதற்குச் சமம். கூடவே 600 லென்ஸில் பறவை ஃபிரேமில் பெரிதாக நிற்கிறது, கண்ணில் ஃபோகஸ் பிடிப்பதும் எளிது. வெட்டி எடுத்த படத்தில் இந்த வசதி கிடைக்காது.

லென்ஸ் தாங்குமா, கை தாங்குமா? பாடியோடு (லென்ஸ் இல்லாத கேமராவோடு) சேர்த்துக் கொடுத்த மலிவு ஜூம் லென்ஸை 61 மெகாபிக்சல் பாடியில் மாட்டினால், ஃபைல் பெரிதாகும், விவரம் அந்த அளவுக்குக் கூடாது. வாய்க்கால் சின்னதாக இருக்கும்போது மடையை மட்டும் அகலப்படுத்தி என்ன பயன்? கை நடுக்கமும் அப்படித்தான். 24-ல் கண்ணுக்குத் தெரியாத அசைவு 61-ல் பெரிதாக்கிப் பார்க்கும்போது தெரியும். 50 மி.மீ. லென்ஸில் ஷட்டர் 50-ல் ஒரு பங்கு விநாடி திறந்தால் போதும் என்று இருந்தவர்கள் 100-ல், 125-ல் ஒரு பங்கு என்று வேகத்தை ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு வெளிச்சம் வேண்டும். இல்லாவிட்டால் ஐஎஸ்ஓ, அதாவது குறைந்த வெளிச்சத்தைக் கேமரா கூட்டிக் காட்டும் அளவு, ஏறும், நாய்ஸும் கூடவே ஏறும்.

குளக்கரைக்காரர்களுக்கு இன்னொன்று: கானல். நஞ்சராயன் குளத்திலோ உக்கடம் பெரிய குளத்திலோ காலை ஒன்பதரை பத்துக்கு மேல் தண்ணீருக்கு மேலே காற்று அலையாட ஆரம்பித்துவிட்டால், நூறு மீட்டர் தள்ளி நிற்கிற வரித்தலை வாத்தின் இறகை எந்த சென்சாரும் பிரித்துத் தராது. அந்த நேரத்தில் எடுத்த படம் தெளிவில்லை என்று கேமராவை மாற்ற நினைக்கிறவர்கள், அதே இடத்தில் ஆறரை மணிக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

பின்னால் வரும் செலவு. கடையில் சொல்லும் விலையில் இது இருக்காது. சுருக்கப்படாத ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைல்) ஒரு பிக்சலுக்கு இரண்டு பைட் என்று வைத்தால், 24-க்கு 48 எம்பி, 61-க்கு 122 எம்பி. ஒரு கல்யாணத்தில் 3,000 படம் என்றால் முதலாவது 144 ஜிபி, இரண்டாவது 366 ஜிபி. வருஷத்துக்கு 30 கல்யாணம் எடுக்கிறவருக்கு 4.3 டிபி, 11 டிபி. ஒரு பிரதி மட்டும் வைப்பவர் தொழில் செய்கிறவர் ஆகமாட்டார், ஆகவே இரண்டால் பெருக்குங்கள். சுருக்கிய ராவில் எடுத்தால் இரண்டும் குறையும், விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அப்புறம் கம்ப்யூட்டர். நாய்ஸ் நீக்கும் ஏஐ மென்பொருள்கள் பிக்சல் கணக்குக்கு ஏற்ப நேரம் தின்னும். 24-ல் ஒரு ராத்திரியில் முடிகிற வேலை 61-ல் மறுநாள் மத்தியானம் வரை இழுக்கும். மெமரி கார்டிலும் செலவு இருக்கிறது: இசட்8, ஆர்5 போன்றவற்றில் ஒரு ஸ்லாட் சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற அதிவேகக் கார்டுக்கானது. அதன் விலை எஸ்டி கார்டைப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

## ஒரே பார்வையில்

| | இருக்கும் பாடி, புது லென்ஸ் | புது 24 வகுப்பு | 45 வகுப்பு | 61 வகுப்பு |
|---|---|---|---|---|
| 12x18 ஆல்பம் பக்கம் | போதும் | போதும் | தாராளம் | தாராளம் |
| 12x36 முழு விரிப்பு | மென்பொருள் உதவி தேவை | மென்பொருள் உதவி தேவை | நன்று | மிக நன்று |
| இருட்டு மண்டபம் | அதிக வெளிச்சம் தரும் லென்ஸால் கூடும் | மிக நன்று | நன்று. சென்சார் வேகத்தைப் பொறுத்தது | எலக்ட்ரானிக் ஷட்டரில் கவனம் தேவை |
| வெட்டி எடுக்க இடம் | லென்ஸ் நீளத்தால் கிடைக்கும் | குறைவு | நன்று | மிக அதிகம் |
| துணி, சிற்பம், நுணுக்கம் | சுமார் | சுமார் | நன்று | மிக நன்று |
| பின்செலவு | குறைவு | குறைவு | கூடுதல் | மிகக் கூடுதல் |

## இருக்கும் பாடியோடு நல்ல லென்ஸ்

எனக்கு மனசாரப் பிடித்த வழி இதுதான். கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இதைத்தான் சொல்கிறேன். 2014-ல் வந்த நிக்கான் டி750, 2018-ல் வந்த சோனி ஏ7 3 இரண்டும் இன்னமும் நம் ஊர் மண்டபங்களில் நன்றாக உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் எஃப்/4-5.6 ஜூம் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சம் விடும்) மாட்டியிருக்கிறவர் ஒரு 85 மி.மீ. எஃப்/1.8 வாங்கினால், 85 மி.மீ.-ல் பழைய ஜூமைவிட மூன்று ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் கிடைக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). அதாவது ஐஎஸ்ஓ 12,800-ல் எடுத்த இணைச்சீர் படத்தை 1,600-க்குள் எடுக்கலாம். எந்தப் புதுப் பாடியும் இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தராது. விலையோ பாடியில் ஒரு பங்குதான்.

லென்ஸ் நீண்ட நாள் கூட இருக்கும் என்பதும் கணக்கு. பாடி மூன்று நான்கு வருஷத்தில் பாதி விலைக்கு இறங்கிவிடும். நல்ல லென்ஸ் மெதுவாக இறங்கும். ஆனால் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோவை, தாராபுரம் போன்ற காய்ந்த ஊர்களில் இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. வால்பாறையில் இருக்கிறவர்களும், இருவாட்சிக்காகவும் சோலைமந்திக்காகவும் மழைக்காலத்தில் அங்கே அடிக்கடி போகிறவர்களும் லென்ஸ் பட்ஜெட்டிலேயே ஒரு டிரை கேபினெட்டையும் (உள்ளே ஈரம் தங்காத அலமாரி) சேர்த்துவிட வேண்டும். போய் வந்ததும் பையை மூடி வைப்பதுதான் பூஞ்சைக்கு நாம் கொடுக்கிற முதல் இடம்.

இந்த வழி யாருக்கு ஒத்துவராது? பாடியில் கண் தேடி ஃபோகஸ் பிடிக்கும் வசதியே இல்லை, அல்லது ஒரே ஒரு கார்டு ஸ்லாட்தான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு கல்யாணம் எடுக்கிறார் என்றால் பாடியை மாற்றத்தான் வேண்டும். காரணம் மெகாபிக்சல் கிடையாது. கார்டு கெட்டுப்போய் முகூர்த்தப் படம் போனால் அந்தக் குடும்பத்துக்கு நாம் என்ன பதில் சொல்ல முடியும்?

## புது 24 வகுப்பு

கேனான் ஆர்6 மார்க் 2, நிக்கான் இசட்5 2, இசட்6 3 எல்லாம் இந்த வகுப்பு. 33 மெகாபிக்சல் சோனி ஏ7 4-ஐயும் இங்கேயே வைக்கலாம். 24-க்கும் 33-க்கும் நீளவாக்கில் வித்தியாசம் 17 சதவீதம்தான். தள்ளுபடியைப் பொறுத்து ஒன்றரையிலிருந்து இரண்டரை லட்சம் வரை நிற்கும்.

இங்கே காசு ஃபோகஸுக்கும் வேகத்துக்கும் போகிறது. மணப்பெண் குனிந்து எழும்போதும் கண்ணை விடாமல் பிடிப்பது, வீடியோவையும் அதே பாடியில் எடுக்க முடிவது, பாடிக்குள்ளேயே அசைவைச் சரிசெய்வது. கல்யாணக்காரர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த வகுப்புதான். இதில் ஒன்று வாங்குவதைவிட, முடிந்தால் ஒரே மாதிரி இரண்டு பாடி. ஒன்றில் 35, இன்னொன்றில் 85 என்று மாட்டிக்கொண்டால் மேடையில் லென்ஸ் மாற்றும் வேலையே இல்லை. 61 மெகாபிக்சல் பாடி ஒன்றின் விலையில் ஏறக்குறைய இது முடிந்துவிடும்.

குறை என்று பார்த்தால் வெட்ட இடம் இல்லாததுதான். 24-ல் ஏபிஎஸ்-சி கிராப் (முழு அளவு சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுப்பது) போட்டால் கம்பெனியைப் பொறுத்து 9-லிருந்து 11 மெகாபிக்சல் வரை மிஞ்சும். ஆல்பத்தில் அரைப் பக்கத்துக்குப் போதும், முழுப் பக்கத்துக்கு இழுபறி.

## 45 வகுப்பு

நிக்கான் இசட்8, கேனான் ஆர்5, ஆர்5 மார்க் 2. மூன்று லட்சத்தை ஒட்டியும் தாண்டியும் நிற்பவை. இரண்டாம் கையில் நிக்கான் டி850 கிடைக்கிறது, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

பறவைக்காரர்களுக்கு இந்த வகுப்பு நியாயமான அடுத்த படி, ஆனால் ஒரு நிபந்தனை: 500, 600 மி.மீ. வரை போகும் லென்ஸ் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். வெள்ளோட்டில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஓரளவு கிட்டவே வரும், அங்கே 24 போதும். பவானிசாகர் பக்கம் வெளிமானோ, அட்டகட்டி ஏற்றத்தில் பாறை மேல் நிற்கும் வரையாடோ என்றால் கிட்டப் போக முடியாது, போகவும் கூடாது. விலங்கைத் துரத்தாமல் நின்ற இடத்திலிருந்தே எடுக்க 45 உதவுகிறது என்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே இதற்கு நான் ஆதரவு. கிராப்பில் கம்பெனியைப் பொறுத்து 17-லிருந்து 20 மெகாபிக்சல் வரை மிஞ்சும், அது முழு ஆல்பம் பக்கத்துக்கும் தாங்கும்.

இசட்8, ஆர்5 மார்க் 2 இரண்டிலும் சென்சார் வேகமாகப் படிக்கிறது. பறக்கும் பறவையின் இறக்கை வளைந்து தெரிவதும், மண்டப விளக்கின் வரியும் பெரிதும் குறையும். முதல் ஆர்5-ல் அந்த வேகம் இல்லை. "எல்லாம் 45-தானே" என்று விலை குறைந்ததை எடுக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

முழு ஃபிரேம், அதாவது முழு அளவு சென்சார், பட்ஜெட்டுக்கு எட்டாத பறவைக்காரர்களுக்கு 32.5 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவான கேனான் ஆர்7 ஒரு வழி. அதன் பிக்சல் அடர்த்தி 61 மெகாபிக்சல் முழு ஃபிரேமைவிடவும் அதிகம். நல்ல வெயிலில் அருமை, மேகமூட்டத்தில் கொஞ்சம் திணறும்.

டி850 2017-ல் வந்தது, 45.7 மெகாபிக்சல். முக்காலியில் வைத்து எடுக்கிறவர்களுக்கு, அதாவது இயற்கைக் காட்சி, கோயில், கட்டடம் எடுக்கிறவர்களுக்கு, இன்றைக்கும் இது பொன்னான கேமரா. பேரூர் பட்டீசுவரர் கோயில் கனகசபைச் சிற்பங்களை அனுமதி வாங்கி ஆவணப்படுத்துகிற ஒருவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். நாயக்கர் காலத்துக் கல்லில் விரல் நகம் வரை செதுக்கியிருக்கிறார்கள். அந்த நகம் படத்தில் தெரிவது அங்கே உண்மையான தேவை. வாங்கும்போது ஷட்டர் எண்ணிக்கையைப் பாருங்கள், கம்பெனி சோதித்த அளவு 2 லட்சம். பில் கேளுங்கள். எஃப்/16-ல் வெறும் வானத்தை எடுத்து சென்சாரில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் மெதுவாகத்தான் பிடிக்கும், கல்யாணக்காரர்களுக்கு அது ஒத்துவராது.

## 61 வகுப்பு

சோனி ஏ7ஆர் 5-ம், அதற்கு முந்தைய ஏ7ஆர் 4-ம். இதை வாங்கலாமா என்று கேட்கிறவர்களில் திருப்பூர் துணிக்காரர்களுக்குத்தான் நான் ஆம் என்று சொல்லியிருக்கிறேன். காரணம் மொய்ரே.

பின்னலாடையின் இழைகள் ஒரே சீராக ஓடுபவை. சென்சாரின் பிக்சல்களும் அப்படியே. இரண்டு ஒழுங்கும் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது துணியில் இல்லாத வானவில் பட்டைகள் படத்தில் தோன்றும். கறுப்பு டி-ஷர்ட்டில், மெல்லிய ரிப் பின்னலில், கோடு போட்ட சட்டையில் இது அதிகம். வெளிநாட்டு பையர் (துணி வாங்குகிறவர்) நிறத்தைச் சோதிக்கும்போது இந்தப் பட்டை ஒன்று போதும், படம் திரும்பி வந்துவிடும். பிக்சல் நெருக்கமாக நெருக்கமாக, துணியின் இழை அளவுக்கும் பிக்சல் அளவுக்கும் இடையே தூரம் கூடும், மொய்ரே வருவது குறையும். அடியோடு போய்விடாது, ஆளிடமிருந்து ஒரு அடி முன்னே பின்னே நகர்ந்தால் வேறு துணியில் முளைக்கும். ஆனாலும் 24-ல் ஒரு நாளைக்கு உட்கார்ந்து சரிசெய்யும் வேலை 61-ல் பெருமளவு மிச்சமாகும். ஸ்டுடியோவில் ஃபிளாஷ் இருக்கிறது, வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, ஆள் ஓடவில்லை, கேமரா ஸ்டாண்டில் நிற்கிறது. 61-ன் குறை எதுவும் அங்கே குறுக்கே வராது. கடைசியில் இணையதளத்துக்குப் போவது 2,000 பிக்சல் படம்தான் என்றாலும், எடுக்கும்போதே சுத்தமாக இருப்பது முக்கியம்.

நிலக்காட்சி எடுத்துப் பெரிய பிரிண்டாக வீட்டிலோ அலுவலகத்திலோ மாட்டுகிறவர்களுக்கும் 61 நல்லதுதான். ஆனால் வெள்ளியங்கிரி மலைத்தொடரோ ஆழியாறு அணையோ ஓடப்போவதில்லை. கேமராவைச் செங்குத்தாக வைத்து நாலைந்து படம் எடுத்து ஒட்டினால் 24-லேயே 60, 70 மெகாபிக்சல் படம் கிடைக்கும். பெரிய பிரிண்ட் வருஷத்துக்கு ஒன்றிரண்டு என்றால் இந்த வழி போதும். இன்னொன்று, எஃப்/11-க்கு மேல் மூடினால் ஒளி சிதறி 61-ன் அனுகூலம் கரைய ஆரம்பிக்கும். முன்னால் இருக்கும் கல்லும் பின்னால் இருக்கும் மலையும் தெளிவாக வேண்டும் என்று எஃப்/16 வைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

"61 வாங்கிக்கிட்டு, கல்யாணத்துக்கு மட்டும் 26-ல எடுத்துக்கறனே?" என்று கேட்பார்கள். ஏ7ஆர் 5-ல் 26 மெகாபிக்சல் ரா எடுக்கும் வசதி இருக்கிறது, ஃபைலும் சிறிதாகும். ஆனால் சென்சாரை முழுதாகப் படித்துத்தான் சிறிதாக்குகிறது. மேலே சொன்ன மெதுவான வேகம் அப்படியே இருக்கும். எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு, சத்தம் போடும் சாதாரண ஷட்டரில் எடுப்பவருக்கு இது பிரச்சினை இல்லை.

## படக்காரர்கள் நடுவே இருக்கும் இரண்டு கட்சி

குளக்கரை டீக்கடைகளில் இந்தப் பேச்சு ஓய்வதே இல்லை. ஒரு பக்கம், 24-க்கு மேலே எல்லாமே கம்பெனிக்காரர்களின் வியாபாரம் என்கிறவர்கள். இன்னொரு பக்கம், இன்றைக்கு எடுக்கிற படத்தை இருபது வருஷம் கழித்துப் பெரிய திரையில் பார்க்கப் போகிறோம், அன்றைக்குப் பிக்சல் போதாது என்று வருந்த வேண்டாம் என்கிறவர்கள்.

இரண்டாவது வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2005-ல் சில மெகாபிக்சலில் எடுத்த கல்யாணப் படங்களை இன்றைய டிவியில் போட்டால் மங்கலாகத்தான் இருக்கின்றன. ஆனால் 24 மெகாபிக்சல், 8கே திரையின் 33 மெகாபிக்சலுக்கு வெகு தொலைவில் இல்லை. ஹாலில் சோபாவில் உட்கார்ந்து பார்க்கிற தூரத்தில் அந்த இடைவெளி கண்ணில் படாது. இருபது வருஷம் கழித்துப் படம் இருக்க வேண்டும் என்ற அக்கறை உள்ளவர் முதலில் செலவு செய்ய வேண்டியது இரண்டாவது ஹார்ட் டிஸ்க்குக்கும், நல்ல தாளில் போடும் பிரிண்டுக்கும்.

பொழுதுபோக்காக எடுக்கிறவர், கையில் காசு இருக்கிறது, ஆசையாக இருக்கிறது, 45 வாங்கட்டுமா என்றால் வாங்குங்கள். அதற்கு வேறு நியாயம் தேவையில்லை. கடன் வாங்கி, இஎம்ஐ கட்டி, அடுத்த முகூர்த்த சீசனில் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவரிடம்தான் நான் நிறுத்திப் பேசுவேன். ஆடியும் மார்கழியும் வருஷா வருஷம் வரும், அந்த மாதங்களிலும் தவணை உண்டு.

## வாங்கும் முன்

கோவையிலும் ஈரோட்டிலும் கேமரா வாடகைக்குக் கிடைக்கிறது. மனதில் வைத்திருக்கும் பாடியை ஒரு நாளைக்கு எடுத்து, உங்கள் சொந்த லென்ஸை மாட்டி, நீங்கள் வழக்கமாக எடுக்கும் இடத்திலேயே எடுங்கள். மண்டபக்காரர் மண்டபத்தில், பறவைக்காரர் குளத்தில். அதே இடத்தில், அதே லென்ஸில், பழைய பாடியிலும் எடுங்கள். நல்லதாகக் கேமராவுக்கு ஐந்து படம் பொறுக்கி, வழக்கமாகப் போடும் லேபில் 12-க்கு 18 பிரிண்ட் போட்டு, பின்பக்கம் மட்டும் பென்சிலில் குறித்துவைத்து, வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு கஸ்டமரிடமும் கொடுத்துப் பாருங்கள். எது எந்தக் கேமரா என்று பிரிக்க முடியவில்லை என்றால் லென்ஸ் கடைக்குப் போகலாம். பிரிக்க முடிந்தால், எதைப் பார்த்துப் பிரித்தார்கள் என்று கேளுங்கள். துணியின் இழை, இறகின் ஓரம் என்று சொன்னால் 45-ஓ 61-ஓ உங்களுக்கு வேலை செய்யும். நிறம், ஃபோகஸ், முகத்தில் விழுந்த வெளிச்சம் என்று சொன்னால் புது 24 பாடியும் ஒரு ஃபிளாஷும் எடுங்கள்.

எந்தப் பாடியானாலும் இந்திய வாரண்டி கார்டும் ஜிஎஸ்டி பில்லும் இல்லாமல் எடுக்காதீர்கள். சர்வீஸுக்கு எந்த ஊருக்கு அனுப்புவார்கள், எத்தனை நாள் ஆகும், அதுவரை மாற்றுப் பாடி கிடைக்குமா என்று காசு கொடுப்பதற்கு முன்பே கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.